முறுக்கினால் முரண்டு பிடிக்கும் ஆக்சிலரேட்டர்

பைக்கின் ஆக்சிலரேட்டர் டைட்டாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் பக்கத்தில் நிற்பவரிடமிருந்து இரண்டு வைத்தியம் உடனே வரும். ஒன்று, கேபிளுக்கு எண்ணெய் விடு. இன்னொன்று, கார்புரேட்டரில் (எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம்) ஆக்சிலரேட்டரைத் திருப்பி மூடும் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டிவிடு. முதலாவது பாதி சரி. இரண்டாவது ஆபத்து. ஆனால் சிக்கல் என்னவென்றால், இரண்டாவதைச் செய்தவுடன் கை லேசாகிவிடும். பலன் கண்ணெதிரே தெரிவதால் அந்த யோசனைக்கு ஆயுள் அதிகம். அது எங்கே ஏமாற்றுகிறது என்பதைக் கணக்கோடு பார்த்துவிட்டால், ஸ்பேனரை எங்கே வைக்க வேண்டும் என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

கை "டைட்" என்று சொல்வது உண்மையில் இரண்டு வேறு சங்கதிகளை. ஸ்பிரிங்கின் கனம் ஒன்று, வழியில் எங்கோ உரசிப் பிடிப்பது இன்னொன்று. ஸ்பிரிங் கனமாக இருந்தால் முறுக்கும்போது எவ்வளவு எதிர்க்கிறதோ, விட்டவுடன் அவ்வளவு வேகமாகத் திரும்பி வரும். உரசல் அப்படியல்ல. போகும்போதும் தடுக்கும், வரும்போதும் தடுக்கும். முறுக்க முறுக்கக் கனக்கிறது, விட்டால் சோம்பலாகத் திரும்புகிறது என்றால், அங்கே ஸ்பிரிங்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேபிளுக்குள் நடப்பது என்ன? உள்ளே ஓடும் கம்பியை இன்னர் என்கிறோம், மேலே இருக்கும் உறையை அவுட்டர் என்கிறோம். அவுட்டர் வளையும் ஒவ்வொரு இடத்திலும் இன்னர் அதன் உள்சுவரில் அழுந்தி உரசுகிறது. தூணில் கயிற்றைச் சுற்றிப் பிடித்தால் சின்னப் பையனும் மாட்டை நிறுத்திவிடலாம் அல்லவா, அதே விதிதான். உரசல் வளைவுகளின் மொத்தக் கோணத்தைப் பொறுத்துப் பெருக்கல் கணக்கில் ஏறுகிறது, கூட்டல் கணக்கில் அல்ல. இடப்பக்கம் 90 டிகிரி வளைந்து பிறகு வலப்பக்கம் 90 டிகிரி வளைந்தால் ஒன்றுக்கொன்று கழிந்துபோகாது, 180 என்றே சேரும்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். கார்புரேட்டர் முனையில் ஸ்பிரிங் 2 கிலோ விசையோடு இழுக்கிறது, கேபிள் மொத்தம் 180 டிகிரி வளைகிறது. உட்சுவர் வழவழப்பாக இருந்து உராய்வுக் கெழு, அதாவது உரசலின் அளவு, 0.1 என்றால், கைப்பக்கம் இழுக்க 2.7 கிலோ வேண்டும். விடும்போது கைப்பக்கம் வந்துசேரும் திரும்பும் விசை சுமார் 1.5 கிலோ. அதே கேபிள் வறண்டு, துருவும் மண்ணும் சேர்ந்து, கெழு 0.3 ஆகிவிட்டது என்று வையுங்கள். இழுக்க 5.1 கிலோ. திரும்பி வருவது வெறும் 0.8 கிலோ. ஸ்பிரிங் மாறவேயில்லை. இழுவை இரட்டிப்பாகி, திரும்பும் விசை பாதியாகிவிட்டது.

இப்போது ஸ்பிரிங்கைப் பலவீனமாக்கி 1 கிலோவுக்குக் கொண்டுவந்துவிட்டார் ஒருவர். கெட்டுப்போன அதே கேபிளில் இழுக்க 2.6 கிலோ போதும். நல்ல கேபிளில் இருந்த 2.7-ஐவிடக் குறைவு! கை மகிழ்ந்துபோகும், வண்டி புதுசு மாதிரி ஆகிவிட்டது என்று தோன்றும். ஆனால் திரும்பும் விசை 0.4 கிலோ. இந்த 0.4 கிலோதான் ஹேண்டில்பார் மேல் உரசும் பிளாஸ்டிக் குழாயையும், தூசி பிடித்த கிரிப்பையும் தள்ளிக்கொண்டு ஆக்சிலரேட்டரை மூட வேண்டும். ஒருநாள் மூடாது. அது பெரும்பாலும் முன்னால் போகும் வண்டி திடீரென நிற்கும் நாளாக இருக்கும். ஸ்பிரிங்கை நீட்டுவது, வெட்டுவது, மெல்லிய ஸ்பிரிங்காக மாற்றுவது எதையும் செய்யாதீர்கள் என்பதற்கு இதைவிட நீளமான விளக்கம் தேவைப்படாது.

பழுதைப் பிரித்துப் பார்ப்பது

பழுது கைப்பிடியிலா, கேபிளிலா, கார்புரேட்டரிலா என்று தெரியாமல் எண்ணெய் விடுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் போதும்.

எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்டிலை நேராக வைத்து முழுக்க முறுக்கி, கையைச் சட்டென்று விடுங்கள். "டக்" என்ற சத்தத்தோடு மூட வேண்டும். பிறகு ஹேண்டிலை இடக்கோடி வரை திருப்பி அதையே செய்யுங்கள், வலக்கோடியிலும் செய்யுங்கள். மூன்று நிலையிலும் ஒரே மாதிரி என்றால் கேபிள் போகும் பாதை அநேகமாகச் சரி. ஒரு கோடியில் மட்டும் இறுகினால், கேபிள் எங்கோ மடங்குகிறது அல்லது நீளம் போதவில்லை. அதற்கு எண்ணெய் மருந்தல்ல.

அடுத்து வலது ஸ்விட்ச் பாக்ஸின் இரண்டு ஸ்குருவையும் கழற்றி, அதன் இரு பாதிகளையும் பிரியுங்கள். கேபிள் முனையில் ஈயக் குண்டு மாதிரி ஒரு நிப்பிள், ஆக்சிலரேட்டர் குழாயின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். கேபிளின் தொய்வைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்தினால் நிப்பிளை எளிதாக எடுத்துவிடலாம். இப்போது கேபிள் இல்லாத கிரிப்பைச் சுற்றிப் பாருங்கள். ஒற்றை விரலால் தள்ளினாலே சுழல வேண்டும். இங்கேயே பிடிக்கிறது என்றால் கேபிளும் கார்புரேட்டரும் நிரபராதிகள். இதைத் தெரிந்துகொள்ளாமல் புதுக் கேபிள் மாட்டிவிட்டு, அப்புறமும் அதே இறுக்கம் என்று குழம்புகிறவர்கள் ஏராளம்.

கிரிப் லேசாகச் சுழன்றால் விசாரணை கீழே நகர்கிறது. பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்று கிடைத்தால் இங்கே கைகொடுக்கும். நிப்பிளைக் கொக்கியில் மாட்டி, கேபிள் வெளிவரும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். பாதித் தூரம் வந்ததும் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அளவைப் பாருங்கள். பிறகு மெதுவாக விட்டுக்கொடுங்கள், அதே பாதித் தூரத்தைக் கடக்கும்போது மறுபடி பாருங்கள். போகும்போது 3, வரும்போது 1.5 என்றால் பரவாயில்லை. போகும்போது 5, வரும்போது 1 என்றால், இடையில் காணாமல்போன 4 கிலோவும் உரசலுக்குப் போய்விட்டது. இரண்டு அளவுமே அதிகமாக, பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் மட்டுமே அது ஸ்பிரிங்கின் கனம். அப்படி அமைவது அபூர்வம்.

கடைசியாகக் கேபிளின் மறுமுனையையும் கழற்றி, கார்புரேட்டரின் லீவரை அல்லது இன்ஜெக்‌ஷன் வண்டியில் அதற்குப் பதில் இருக்கும் திராட்டில் பாடியின் சக்கரத்தை விரலால் நேரடியாகத் திருப்பிப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு திறந்து படக்கென்று மூடினால், மிஞ்சியிருப்பது கேபிள் மட்டும்தான்.

கைப்பிடிப் பக்கம்

பெரும்பாலான வண்டிகளில் கிரிப் மாட்டும் இடத்தில் ஹேண்டில்பாரின் விட்டம் 22 மி.மீ. அதன்மேல் பிளாஸ்டிக் குழாய், குழாய்மேல் ரப்பர் கிரிப். குழாய்க்கும் கம்பிக்கும் நடுவே இருப்பது தலைமுடி அளவு இடைவெளி. துரு, பெயின்ட், கிரிப் ஒட்டிய பசை வழிந்து உள்ளே போனது, கையின் வியர்வையோடு குழைந்த தூசி, இவற்றில் எது சேர்ந்தாலும் பிடிக்கும். குழாயை உருவி எடுத்து, கம்பியை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். துரு இருந்தால் 600 நம்பர் எமரித் தாளால் சுற்றுவாக்கில் தேய்த்து, மறுபடி துடையுங்கள். குழாயின் உள்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவிடலாம். விரலை விட்டுத் தடவினால் விரிசலும் பிசிறும் தெரியும். விரிசல் இருந்தால் குழாயை மாற்றுங்கள், ஒட்டுப்போடும் இடம் இதுவல்ல.

சுத்தம் செய்த கம்பியில் கிரீஸைப் பூச மனம் துடிக்கும். வேண்டாம். கெட்டி கிரீஸ் இரண்டு வாரத்தில் தூசியைப் பிடித்து அரைத்த மாவாகிவிடும். உலர்ந்த கம்பி, உலர்ந்த குழாய், அதிகம் போனால் சிலிக்கான் ஸ்பிரேயை ஒரு துணியில் அடித்து ஒரு துடைப்பு. கிரீஸ் வேண்டிய இடம் வேறு: நிப்பிள் உட்காரும் பள்ளம். அங்கே கடுகளவு வைத்தால் போதும். பள்ளத்துக்குள் நிப்பிள் சுழன்றுகொடுத்தால்தான் கம்பி நேராக இழுபடும். வறண்டு இறுகிவிட்டால் ஒவ்வொரு முறுக்கலுக்கும் கம்பி நிப்பிளின் கழுத்தில் மடங்கி நிமிரும். அங்கேதான் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து பிசிறு விடத் தொடங்கும். ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் கேபிளை மாற்றிவிட வேண்டும். பிசிறைக் கட்டரால் நறுக்கிவிட்டு ஓட்டுவது, மீதி இழைகளுக்குச் சுமையைக் கூட்டிவிட்டுக் காத்திருப்பதுதான்.

குழாயை மறுபடி மாட்டும்போது இரண்டு முனையையும் கவனியுங்கள். வெளிமுனையில் பார்-எண்ட் வெயிட்டோ (ஹேண்டில்பார் நுனியில் மாட்டும் எடை) கையை மறைக்கும் ஹேண்ட்கார்டோ இருந்தால், அதற்கும் கிரிப் ரப்பருக்கும் நடுவே ஒன்றரை மி.மீ. இடைவெளி தேவை. வண்டி ஒருமுறை வலப்பக்கம் விழுந்தாலே அந்த வெயிட் உள்ளே தள்ளப்பட்டு ரப்பரை அழுத்திக்கொண்டு நிற்கும். அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிச் சுற்றிலும் ஓட்டிப் பாருங்கள், எங்கே நிற்கிறதோ அங்கே உரசல். புதுக் கிரிப் போட்டவுடன் இறுகிவிட்டது என்ற புகாருக்கு முக்கால்வாசி இதுவே காரணம்: ரப்பர் ஸ்விட்ச் பாக்ஸை முட்டும் வரை உள்ளே ஏற்றப்பட்டிருக்கும்.

ஸ்விட்ச் பாக்ஸை மூடும்போது, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முளை ஹேண்டில்பாரின் ஓட்டையில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்காமல் ஸ்குருவை முறுக்கினால் பாக்ஸ் கோணலாகக் குழாயைக் கவ்விவிடும். பாக்ஸிலிருந்து வெளிவரும் வளைந்த உலோகக் குழல் தன் போக்கில் உட்காரும் கோணத்தில்தான் நிற்க வேண்டும். இரண்டு ஸ்குருவையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முறுக்கி, ஒவ்வொரு தடவையும் கிரிப்பைச் சுற்றிப் பாருங்கள்.

கேபிளுக்கு எண்ணெய், பொறுமையாக

முதலில் எந்த வகைக் கேபிள் என்று தெரிய வேண்டும். அவுட்டரின் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். இன்னர் கம்பியைச் சுற்றி வெள்ளையாக அல்லது கண்ணாடி போல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழல் தெரிந்தால் அது லைனர் வைத்த கேபிள். லைனரே வழவழப்பைத் தருகிறது. கெட்டி எண்ணெய் அங்கே தூசிக்கு வீடு கட்டிக் கொடுக்கும். அதனால்தான் இத்தகைய கேபிளுக்கு எண்ணெயே வேண்டாம் என்று சில கம்பெனிகளின் கையேடுகள் சொல்கின்றன. அவசியமானால் உலர்ந்த டெஃப்லான் ஸ்பிரேயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லைனர் இல்லாமல், சுருள் கம்பியின் வயிறே நேராகத் தெரிந்தால் அது பழைய வகை. அதற்கு எண்ணெய் கட்டாயம்.

பழைய வகைக்கு மெல்லிய எண்ணெய் வேண்டும். தையல் மெஷின் எண்ணெய் அல்லது கேபிளுக்கென்றே வரும் எண்ணெய் பொருந்தும். செயினுக்கு அடிக்கும் லூப் ஒட்டும், கிரீஸ் உள்ளே இறங்கவே இறங்காது. டபிள்யூடி-40 மாதிரியான ஸ்பிரே அழுக்கைக் கழுவித் தள்ள நல்லது, ஆனால் அது நிலைத்து நிற்காது. அதை அடித்தவுடன் கை லேசாகும், கொஞ்ச நாளில் பழைய கதை திரும்பும். கழுவ அதை வையுங்கள், பின்னாலேயே எண்ணெயும் விடுங்கள்.

அழுத்தி எண்ணெய் ஏற்றும் கிளிப் கருவி உண்டு. இல்லாவிட்டாலும் ஒரு சின்னப் பாலிதீன் பை போதும். பையின் ஒரு மூலையைப் பென்சில் நுழையும் அளவுக்கு நறுக்கி, கேபிளின் மேல்முனையை அதற்குள் இரண்டு சென்டிமீட்டர் நுழைத்து, வெளியே இன்சுலேஷன் டேப்பை நான்கைந்து சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். ஆணியில் தொங்கவிட்டு, கீழ்முனைக்கு ஒரு பழைய டப்பாவை வையுங்கள். பையில் 10 மி.லி. எண்ணெய் ஊற்றி, இன்னரை மேலும் கீழுமாக இருபது தடவை அசைத்துவிட்டு, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் கீழே சொட்டியிருப்பது கறுப்பாக, துருப்பொடியோடு இருந்தால் இன்னும் 10 மி.லி. ஊற்றுங்கள். எண்ணெய் தன் நிறத்தோடு சொட்டும்வரை செய்துவிட்டு, பையைக் கழற்றி, மேலும் ஒரு மணி நேரம் வடியவிடுங்கள். ஒரு ராத்திரி தாண்டியும் ஒரு சொட்டுகூட இறங்கவில்லையா? அவுட்டர் எங்கோ நசுங்கியிருக்கிறது. புதுக் கேபிள் வாங்குங்கள்.

பாதை

நசுங்கும் இடம் பெரும்பாலும் பெட்ரோல் டேங்க்கின் அடியில். டேங்க்கைக் கழற்றி மாட்டும்போது கேபிள் சட்டத்துக்கும் டேங்க்குக்கும் இடையில் சிக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். அடுத்த இடம் சிலிண்டர் தலை: சூட்டைத் தொட்டுக்கொண்டு போகும் கேபிளின் லைனர் உள்ளே இளகிவிடும். மூன்றாவது, வயர்களோடு சேர்த்து இறுக்கிக் கட்டப்பட்ட பிளாஸ்டிக் டை. கேபிள் டைக்குள் வழுக்கி நகர வேண்டும், இறுகி நிற்கக் கூடாது. ஹேண்டிலை உயரமானதாக மாற்றியவர்கள் பழைய கேபிளையே இழுத்துப் பிடித்து மாட்டியிருப்பார்கள். அதற்கு நீளமான கேபிள் தவிர வேறு வழியில்லை.

பழைய கேபிளை உருவுமுன் போட்டோ எடுங்கள். கீழ்முனையில் ஒரு நூலைக் கட்டிவிட்டு மேலே உருவினால், நூல் பாதையிலேயே கிடக்கும். புதுக் கேபிளை அதில் கட்டிக் கீழே இழுத்துக்கொள்ளலாம்.

கார்புரேட்டர், திராட்டில் பாடி

எஞ்சின் அணைந்திருக்கும்போது லேசு, ஓடும்போது மட்டும் கனம் என்றால், கேபிள் நேராக ஸ்லைடை (காற்றுவழியைத் திறந்து மூடும் பாகம்) தூக்கும் வகைக் கார்புரேட்டரா என்று பாருங்கள். எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம் ஸ்லைடைச் சுவரோடு அழுத்துவதால் இது நேர்கிறது. கொஞ்சம் இருப்பது அதன் பிறவிக் குணம். அதிகமாக இருந்தால் ஸ்லைடைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனரும் மெல்லிய துணியும் கொண்டு துடையுங்கள். எமரித் தாள் படவே கூடாது. ஆழமான கீறல் இருந்தால் ஸ்லைடை மாற்ற வேண்டும். திருப்பி மாட்டும்போது ஸ்லைடின் சரிவாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்திருக்க வேண்டும், பக்கவாட்டுப் பள்ளம் உள்ளேயுள்ள முளையில் இறங்க வேண்டும். மாற்றிப் போட்டுவிட்டால் ஸ்லைடு முழுக்க இறங்காது. ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சின் அலறும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் திராட்டில் பாடியின் காற்றுவழியைத் திறந்து மூடும் தட்டின் விளிம்பைச் சுற்றிக் கார்பன் வளையம் படியும். அறிகுறி வேறு மாதிரி: முதல் ஒரு மி.மீ. மட்டும் ஒட்டிப் பிடித்து, பிறகு படக்கென்று விடும், வண்டி உதறும். கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். சில பாடிகளின் உட்சுவரில் பூச்சு உண்டு, பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். பெயின்ட் வைத்து முத்திரையிட்ட ஸ்குருவைத் தொடவே வேண்டாம்.

கேபிளே இல்லாத மின்னணு ஆக்சிலரேட்டர் என்றால் கைப்பிடியின் வெளியழுக்கோடு நம் வேலை முடிந்தது. ஆனால் 2006-இல் வந்த யமஹா ஆர்6 போலச் சிலவற்றில் கிரிப்பிலிருந்து சென்சார் வரைக்கும் கேபிள் உண்டு. அவற்றுக்கு மேலே சொன்ன கேபிள் சமாச்சாரமெல்லாம் பொருந்தும்.

பிளே வைப்பது

இறுக்கத்துக்கு அட்ஜஸ்டரைத் திருகிப் பார்ப்பது பலருக்குப் பழக்கம். ஒற்றைக் கேபிள் வண்டியில் அதனால் கனம் ஒரு கிராம்கூடக் குறையாது. அட்ஜஸ்டர் மாற்றுவது இழுவை எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும்தான். இரட்டைக் கேபிள் விதிவிலக்கு. திறக்க ஒன்று, மூட ஒன்று என்று இரண்டிருக்கும். மூடும் கேபிளை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு குழாயைக் கம்பியோடு அழுத்தும். அட்ஜஸ்டர் நகராமல் பிடிக்கும் இரண்டு லாக் நட்டையும் தளர்த்தி, இரண்டிலும் நல்ல தொய்வு கொடுங்கள். கிரிப்பை முழுக்க மூடிய நிலையில் மூடும் கேபிளின் தொய்வு மட்டும் போகும்வரை அதன் அட்ஜஸ்டரைத் திருகி, அங்கேயே லாக் செய்யுங்கள். அதன் பிறகு திறக்கும் கேபிளில் பிளே, அதாவது கேபிள் இழுபடத் தொடங்குமுன் கிரிப் சும்மா சுழலும் தூரம், வையுங்கள்.

பிளே எவ்வளவு? வண்டிக்கு வண்டி மாறும், பெரும்பாலும் 2-இலிருந்து 6 மி.மீ.க்குள், கையேட்டில் இருப்பதே முடிவு. அளப்பது கிரிப்பின் உள்விளிம்பில்: விளிம்பிலும் ஸ்விட்ச் பாக்ஸிலும் ஒரே நேராக வெள்ளைப் பேனாவால் கோடு போட்டு, எதிர்ப்பு தட்டுப்படும்வரை முறுக்கி, இரண்டு கோட்டுக்கும் இடைத்தூரத்தை அளவுகோலால் பாருங்கள். பெரிய வித்தியாசத்தைக் கார்புரேட்டர் முனையிலும், நுணுக்கத்தைக் கைப்பிடி முனையிலும் சரிசெய்து, லாக் நட்டை இறுக்கி, ரப்பர் உறையை மேலே ஏற்றிவிடுங்கள்.

பிறகு எஞ்சினைச் சூடேற்றி, நியூட்ரலில், முறுக்காமல் தானாக ஓடும் ஐடிலில் விட்டு, கிரிப்பைத் தொடாமல் ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். ஐடில் சத்தம் இம்மியளவு ஏறினாலும் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள். பிளே போதவில்லை, அல்லது கேபிள் எங்கோ இழுபடுகிறது. டேங்க்கை மறுபடி தூக்க வேண்டியதுதான்.